ஊசி ஜன்னல்காரி

அவ பேரை நான் இங்கே எழுதப் போறதில்லை. ஒளிச்சு வெக்கறதுக்காக இல்லீங்க. தன்னைப் பத்தித் தானே எழுதி, கீழே இனிஷியலோட பேரையும் போட்டு, அத்தனை பேர் வந்து போற சுவத்துல ஒட்டினவ அவ. அந்தப் பேரை எழுதற உரிமை அவளுக்குத்தான் உண்டு. நான் எழுதினா, இனிஷியல் விட்டுப் போச்சுங்கன்னு எங்கிருந்தாவது போன் வரும்.

திருப்பூர்ல நான் சூப்பர்வைசரா இருந்த கம்பெனியில அவளுக்கு ஊசி ஜன்னல்காரின்னு பேரு. தையல் ஹால் முடியற இடத்துல ஒரு சின்ன ரூம், அதுக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். உள்ளே ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நம்பர் வாரியா ஊசி டப்பா, ஒரு லென்ஸ், ஒரு காந்தம், செலோ டேப்பு, தடிமனா ஒரு ரெஜிஸ்டர். இதுக்கு நடுவுல அவ.

குழந்தைத் துணி தைக்கற கம்பெனிங்க எங்களோடது. ரோம்பர், தொப்பி, ஜட்டி, பொறந்து மூணு மாசம் ஆன புள்ளைக்குப் போடறது. தைக்கறப்ப ஊசி உடையறது சகஜம். உடைஞ்சா அந்த ஊசியோட எல்லாத் துண்டையும் பொறுக்கிக் கொண்டுபோய் ஜன்னல்ல குடுக்கோணும். அவ அதையெல்லாம் சேர்த்து வெச்சுப் பார்த்து, ரெஜிஸ்டர்ல டேப்பு போட்டு ஒட்டி, தேதி, லைன் நம்பர், மெஷின் நம்பர், ஊசி நம்பர், எத்தனை துண்டுன்னு எழுதி, கடைசிக் கட்டத்துல ‘முழுசா இருக்குதா? ஆமா’ன்னு போட்ட பொறவுதான் புது ஊசி தருவா. கடுகளவு துண்டு குறைஞ்சாலும் அந்த மெஷின்ல ஓடின பண்டில் அத்தனையும் தனியா எடுத்து வெச்சுத் தேடோணும். எல்லாக் கம்பெனியிலயும் இருக்கற சட்டம்தான் இது. மத்த கம்பெனியில அது சுவத்துல போர்டா தொங்கும். எங்க கம்பெனியில ஜன்னலுக்குப் பின்னால உட்கார்ந்திருந்துச்சு.

ஜன்னலுக்கு யார் போனாலும் மூஞ்சியைப் பார்க்க மாட்டா. கையைத்தான் பார்ப்பா. எங்க பக்கத்துல ரெண்டு பேர் எதிர்ல பார்த்தா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுட்டுத்தான் மத்த பேச்சு. அவ அதைக் கேக்கவே மாட்டா. தலைக்கனம் புடிச்சவன்னு எல்லாரும் சொன்னோம். சரி, நாமளாவது கேப்போம்னு ஒரு தடவை நான் கேட்டேன். “சாப்பிட்டீங்களா அம்முணி?”

“ஆமாங்க அக்கா. மூணு இட்லி. தேங்காய்ச் சட்னி. ரெண்டாவது இட்லி சித்தெ கல்லு மாதிரி இருந்துச்சு. மூணாவது நல்லா இருந்துச்சு.”

அடக் கெரகமேன்னு திரும்பி வந்துட்டேன். ஆனா யோசிச்சுப் பார்த்தா, அத்தனை வருசத்துல அந்தக் கேள்விக்கு எனக்கு நிஜமா பதில் சொன்னது அவ ஒருத்திதான்.

இன்னொரு தடவை, பொங்கல் லீவு விடற அன்னைக்கு, வாய் வார்த்தைக்கு, “ஒரு நாளைக்கு ஊட்டுக்கு வாங்க”ன்னு சொல்லிட்டேன். நாம எல்லாருக்கும் சொல்றதுதானே.

“எந்த நாளைக்குங்க?” அப்படீன்னா.

“வர்ற ஞாயித்துக்கெழமை வாங்களேன்.”

சொன்னதை அங்கேயே மறந்துட்டேன். ஞாயித்துக்கெழமை காலையில பத்து மணிக்குத் தலையெல்லாம் எண்ணெயை வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன், அவ வர்றா. அவ ஊரு பொங்கலூர்ல இருந்து எங்க மங்கலத்துக்கு ரெண்டு பஸ் மாறி, கையில ஒரு சீப்பு வாழைப்பழத்தோட. எங்க தெருவுல ரெண்டு பக்கமும் தறி ஓடுது. அந்தச் சத்தத்துல அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. பையில இருந்து பஞ்சை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சு, நேரா எங்க ஊட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தா. நான் அவசர அவசரமா வெச்ச பருப்புக் குழம்பைச் சாப்பிட்டுட்டு, “உப்பு கம்மிங்க, ஆனா நல்லா இருக்குது”ன்னு சொல்லிட்டு, ஒரு மணிக்கு எழுந்து போயிட்டா. எங்க ஊட்டுக்கு வந்த ஒறம்பரையிலயே, கூப்பிட்ட நாளுக்கு வந்து, சாப்பிட்ட கையோட போனது அவ மட்டும்தான். சிரிச்சுச் சிரிச்சு நான் அதை லைன்ல எல்லாருகிட்டயும் சொன்னேன். அந்தச் சிரிப்புல ஏளனமும் இருந்துச்சு. இல்லைன்னு இப்பச் சொன்னா அது பொய்.

பொய்யைப் பத்திச் சொல்லித்தான் ஆகோணும்.

அந்த வருசம் ஆடி மாசம். ஷிப்மென்ட்டுக்கு ரெண்டே நாள். என்ற ஏழாம் லைன்ல, இருபத்திரெண்டாம் மெஷின்ல, கழுத்துப் பட்டி தைக்கறப்ப ஒம்பதாம் நம்பர் ஊசி உடைஞ்சுது. அடித்துண்டு கிடைச்சுது. முனை கிடைக்கலை. கால் மணி நேரம் நானும் டெய்லரும் குனிஞ்சு தேடினோம். பக்கத்து மெஷின் டிராயர்ல ஒரு பழைய ஊசி கிடந்துச்சு. பிளையரை எடுத்து அதோட முனையை முறிச்சேன். ரெண்டையும் உள்ளங்கையில வெச்சுக்கிட்டு ஜன்னலுக்குப் போனேன்.

நான் மட்டும் இல்லீங்க. இந்தத் தொழில்ல இருக்கற சூப்பர்வைசர்கள்ல பாதிப் பேருக்கு இந்த வேலை தெரியும். வெளியில சொல்ல மாட்டாங்க, அவ்வளவுதான்.

அவ வெள்ளைப் பேப்பர்ல ரெண்டு துண்டையும் வெச்சா. லென்ஸை எடுத்தா. ரொம்ப நேரம் பார்த்தா.

“அக்கா, உடைஞ்சது ஒம்பது. இந்த முனை பதினொன்னு, சித்தெ கனம். இது இந்த ஊசியோடது இல்லீங்க.”

“துண்டு துண்டுதானே கண்ணு. ஒட்டு. நாளன்னைக்கு வண்டி ஏறோணும். எப்படியும் கடைசியில டிடெக்டர் மெஷின்ல ஓட்டுவாங்க, இருந்தா அது புடிச்சுக்கும்.”

“அது கடைசிங்க. நான் முதல்.”

“இப்ப ஊசி குடுக்க முடியுமா, முடியாதா?”

“முடியாதுங்க.”

கோபமே இல்லாம சொன்னா. ஜன்னலைச் சாத்தி, பூட்டி, காந்தத்தை எடுத்துக்கிட்டு என்ற லைனுக்கே வந்துட்டா. பண்டில் பண்டிலா, பீஸ் பீஸா, தையல் தையலாத் தடவிப் பார்த்தா. ரெண்டேகால் மணி நேரம். மேனேஜர் ரெண்டு தடவை வந்து கத்தினாரு. அவ நிமிரவே இல்லை. கடைசியில ஒரு மூணு மாசக் குழந்தை ரோம்பர்ல, கழுத்துப் பட்டி மடிப்புக்குள்ள, குத்திக்கிட்டு நின்னுச்சு அந்த முனை. அதை எடுத்து எனக்கு நேரா நீட்டினா.

“கிடைச்சிருச்சுங்க அக்கா.”

அவ மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். எனக்கும் சந்தோசமா இருக்கும்னு நெனச்சிருக்கா.

அப்புறம் போய் ரெஜிஸ்டர்ல ரெண்டு முனையையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டினா. ‘முதலில் வேறு ஊசியின் துண்டு தரப்பட்டது. கொடுத்தவர், லைன் 7 சூப்பர்வைசர்’னு எழுதிட்டா. சாயங்காலம் எனக்கு மெமோ வந்துச்சு. பத்து வருசத்துல முதல் மெமோ. ஒடம்பெல்லாம் எரிஞ்சுது எனக்கு. நேரா மேனேஜர்கிட்டப் போனேன். “நான் குடுத்தது அதே ஊசிதான் சார். அந்தப் பொண்ணுக்கு ஒம்பதுக்கும் பதினொன்னுக்கும் வித்தியாசம் தெரியலை. அவ எடுத்தது என்னைக்கோ உடைஞ்ச வேற ஏதோ முனை. அவ தலையில ஒரு ஸ்க்ரூ கழண்டது உங்களுக்கே தெரியுமே”ன்னு சொன்னேன்.

அவரு நம்பிட்டாரு. நம்பறதுக்கு அது ரொம்ப லேசா இருந்துச்சு. மெமோவைக் கிழிச்சுப் போட்டாரு. நான் அதோட விடலை. கேன்டீன்ல, பஸ்ல, பாத்ரூம்ல, பார்க்கறவங்ககிட்டயெல்லாம் அதையே சொன்னேன். ரெஜிஸ்டர்ல ரெண்டு முனையும் ஒட்டியே இருந்துச்சு. லென்ஸை எடுத்து ஒரு நிமிசம் பார்த்தா விஷயம் முடிஞ்சுது. யாரும் பார்க்கலை.

ஒரு வாரம் கழிச்சு அவ என்ற லைனுக்கு வந்து பக்கத்துல நின்னா. “அக்கா, நான் தப்பா எழுதிட்டேன்னு சொன்னீங்களாமா. எதுல தப்புங்க? சொன்னா திருத்தறேன்” அப்படீன்னா. குத்திக் காட்டலை. நிஜமாவே கேட்டா. நான் காது கேக்காத மாதிரி அக்கட்டால போயிட்டேன்.

அடுத்த வருசம் புதுசா ஒரு கம்ப்ரஸர் வாங்கி, அதைச் சரியா அந்த ஊசி ரூம் சுவத்துக்குப் பின்னால வெச்சாங்க. இடம் மாத்தச் சொல்லி மூணு தடவை லெட்டர் எழுதிக் குடுத்திருக்கா. யார் கேட்டாங்க. காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு ஒரு மாசம் தள்ளினா. ஒரு நாள் காலையில ஜன்னல் தொறக்கலை. எட்டிப் பார்த்தா, மேஜைக்கு அடியில உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கிட்டு, முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே, “ஒம்பது, பதினொன்னு, பதினாலு, ஒம்பது, பதினொன்னு, பதினாலு”ன்னு சொல்லிட்டு இருக்கறா.

கூட்டம் கூடிப் போச்சு. சாமி வந்திருச்சு, விபூதி கொண்டாங்கன்னு ஒருத்தி. ஒருத்தன் போனை எடுத்து வீடியோ புடிக்கறான். எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, அந்தப் போனைத் தட்டி விட்டேன். நேராப் போய் கம்ப்ரஸர் சுவிட்சைக் கீழ இழுத்தேன். பாதி ஹால் நின்னு போச்சு. திரும்பி வந்து அந்த மேஜைக்குப் பக்கத்துலயே தரையில உட்கார்ந்துக்கிட்டேன். அரை மணி நேரம் போயிருக்கும்.

“நன்றிங்க அக்கா. இப்ப மணி ஒம்பது நாப்பது. ஜன்னல் இன்னும் தொறக்கலை” அப்படீன்னா.

கம்பெனிக்கு வர்ற லேடி டாக்டர் பார்த்துட்டு, கோயமுத்தூர்ல ஒரு மனநல டாக்டரம்மாவுக்கு எழுதிக் குடுத்தாங்க. துணைக்கு ஒரு பொம்பளை ஆள் போகோணும்னு என்னையே அனுப்பினாங்க. சுவிட்சை அணைச்சதுக்குத் தண்டனைன்னுதான் நெனச்சேன். அவளோட அம்மாவும் வந்தாங்க. பொங்கலூர்ல தோட்டத்து வேலை செய்யறவங்க. சனிக்கெழமை சனிக்கெழமையா நாலு தடவை போனோம். முதல் நாள் டாக்டரம்மா என்னைக் காட்டி, “இவங்க யாரு?”ன்னு அவகிட்டக் கேட்டாங்க.

“லைன் ஏழு சூப்பர்வைசருங்க. ஒரு தடவை பொய்த் துண்டு குடுத்தாங்க. மத்தபடி நல்லவங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. நான் மேல சுத்தற காத்தாடியைப் பார்த்தேன்.

சின்ன வயசுல எப்படி இருந்தான்னு கேட்டதுக்கு அவ அம்மா சொன்னாங்க. கல்யாண ஊட்டுல மேளம் அடிச்சா ஓடிப் போய் மாட்டுக்கு நடுவுல நின்னுக்குவாளாம். கன்னுக்குட்டியை வேற முளைக்குச்சியில மாத்திக் கட்டினா நாளெல்லாம் அழுவாளாம். “யாருகிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறான்னு அடிச்சிருக்கறேனுங்க டாக்டர். கையில கிடைச்சதை எடுத்து அடிச்சிருக்கறேன்.” சொல்லிட்டு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டாங்க. அவ அம்மாவோட கையையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா.

நாலாவது சனிக்கெழமை டாக்டரம்மா பேர் சொன்னாங்க. ஆட்டிசம். அந்த வார்த்தையை நான் குழந்தைங்களுக்குத்தான் கேள்விப்பட்டிருக்கறேன். இவளுக்கு வயசு முப்பத்தி நாலு.

“இது எப்ப வந்துச்சுங்க?”ன்னு கேட்டா.

“எப்பவும் வரலைம்மா. பிறந்ததில இருந்தே நீங்க இப்படித்தான்.”

“போகுமாங்க?”

“போகாது. போக வேண்டியதும் இல்லை. மூளை வேலை செய்யற விதம் வேற, அவ்வளவுதான்.”

அதை அப்படியே ஒரு நோட்டுல எழுதிக்கிட்டா. அந்தம்மா அழுதாங்க. இவ அழலை. திரும்பி வர்ற பஸ்ல ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவ, அவினாசி தாண்டின பொறவு, யாரும் கேக்காமலே பேசினா. அத்தனை வருசத்துல அவ தானாப் பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான்.

“எல்லாருக்கும் குடுத்த ஏதோ ஒண்ணு எனக்கு மட்டும் குடுக்கலைன்னு நெனச்சிட்டு இருந்தேனுங்க அக்கா. நான்தான் எங்கியோ தொலைச்சுட்டேன்னும் நெனச்சிருக்கறேன். தேடிட்டே இருந்தேன். எதுவும் தொலையலீங்க. நான் உடைஞ்ச ஊசி இல்லை. வேற நம்பர்.”

சொல்லிட்டுச் சிரிச்சா.

திங்கக்கெழமை காலையில நோட்டீஸ் போர்டுல, லீவு லிஸ்டுக்கும் தீயணைப்பு நோட்டீசுக்கும் நடுவுல, அவ கையெழுத்துல ஒரு பேப்பர். அச்சடிச்ச மாதிரி எழுத்து. நான் அதை அத்தனை தடவை படிச்சிருக்கறேன், இன்னும் மனப்பாடம்.

‘அறிவிப்பு. எனக்கு ஆட்டிசம் இருப்பதை டாக்டர் உறுதி செய்துள்ளார். இது பிறவியிலேயே உள்ளது. தொற்றாது. நான் முகத்தைப் பார்க்காவிட்டால் கோபம் என்று பொருள் இல்லை. கையைப் பார்க்கிறேன், ஊசித் துண்டு கையில்தான் இருக்கும். சுற்றி வளைத்துச் சொன்னால் எனக்குப் புரியாது. நேராகச் சொல்லவும். சில சத்தங்கள் எனக்கு வலிக்கும். காதில் பஞ்சு இருந்தால் ஜன்னலை இரண்டு முறை தட்டவும். சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துவிடுவேன். எல்லோரும் சாப்பிட்டிருக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். வேறு ஏதாவது தெரிய வேண்டுமானால் என்னிடமே கேட்கவும். மதியம் பன்னிரண்டு நாற்பது முதல் ஒரு மணி வரை கேட்க வேண்டாம்.’

கீழே இனிஷியலோட பேரு, தேதி, கையெழுத்து.

படிச்சவங்க சிலர் சிரிச்சாங்க. சிலர் மறுபடி முதல்ல இருந்து படிச்சாங்க. பத்தாம் லைன்ல ஒரு ஒடிசாப் பொண்ணு, தமிழ் தெரிஞ்சவகிட்டப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, போய் ஜன்னலை ரெண்டு தடவை தட்டிப் பார்த்துட்டு வந்தா. ஊசி எதுவும் வாங்கலை. சும்மா தட்டினாளாம்.

மத்தியானமே பொங்கலூருக்குச் சேதி போயிருச்சு. அவ அம்மா பஸ் ஏறி வந்துட்டாங்க. கம்பெனி கேட்டுக்கிட்ட நின்னு கையெடுத்துக் கும்பிடாத குறை.

“கழட்டிப் போடு சாமி. சின்னவளைப் பார்க்க வெள்ளிக்கெழமை வர்றாங்க. அக்காளுக்கு இப்படீன்னு தெரிஞ்சா யாரு சாமி பொண்ணு எடுப்பாங்க?”

“பேப்பரைக் கழட்டினா எனக்கு இல்லாமப் போயிருமாம்மா?”

அந்தம்மா முந்தானையில மூஞ்சியைத் துடைச்சாங்க.

“அப்ப வெள்ளிக்கெழமை நானே அவங்ககிட்டச் சொல்லிர்றேன். கட்டிட்டுப் போன பொறவு தெரிஞ்சா சின்னவளுக்குத்தான் கஷ்டம்.”

சொன்ன மாதிரியே சொல்லியிருக்கா. வந்தவங்க காபியைப் பாதியில வெச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா ரெண்டு மாசம் இவகூடப் பேசலை. அடுத்து வந்த பையன் ஊட்டுக்காரங்ககிட்டயும் அதையேதான் சொல்லியிருக்கா. அவங்க, “அதனால என்னங்க”ன்னு கேட்டுட்டு ரெண்டாவது காபி வாங்கிக் குடிச்சாங்களாம். அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். அவ காதுல பஞ்சோட மண்டபத்து வாசல்ல நின்னு, வந்தவங்களை வாங்கன்னு கூப்பிட்டுட்டு இருந்தா. அதெல்லாம் பொறவு நடந்தது.

அன்னைக்குத் திங்கக்கெழமை சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு.

“அந்தப் பொண்ணை ஜன்னல்ல இருந்து எடுத்துருமா. நாளையில இருந்து பேக்கிங்ல போட்டுரு.”

“ஏனுங்க சார்?”

“ஏனா? வியாழக்கெழமை துணி வாங்கறவங்க வந்து ஆடிட் பண்றாங்க. ஊசி ரெஜிஸ்டர் எழுதற ஆளு இப்படீன்னு சுவத்துல ஒட்டி வெச்சிருக்கு. அதுவும் போகட்டும். ஏற்கெனவே உன் கேஸ்ல தப்பா எழுதின ஆளுதானே அது? ஒம்பதுக்கும் பதினொன்னுக்கும் வித்தியாசம் தெரியலைன்னு நீதானே வந்து சொன்னே? இப்ப டாக்டரே எழுதிக் குடுத்துட்டாங்க. நீயே போய்ச் சொல்லிரு.”

அவ்வளவுதான். அவ எழுதின பேப்பரை மட்டும் வெச்சு அவளை யாரும் எடுக்க முடியாது. என்ற பொய்யை வெச்சுத்தான் எடுக்கறாங்க.

ஜன்னலுக்குப் போனேன். ரெண்டு தடவை தட்டினேன். பஞ்சை எடுத்தா. வழக்கம் போல என்ற கையைப் பார்த்தா. கையில ஒண்ணுமில்லை.

“நாளையில இருந்து நீங்க பேக்கிங்னு மேனேஜர் சொல்லச் சொன்னாரு.”

“ஏனுங்க?”

வேற யாரா இருந்தாலும் ஆடிட், ஆள் பத்தலை, கொஞ்ச நாளைக்குத்தான்னு எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். அதுல நான் கெட்டிக்காரி. ஆனா நேராச் சொல்லவும்னு காலையில அவ எழுதி ஒட்டியிருக்கறாளே.

“நான் சொன்ன பொய்யாலங்க. அன்னைக்கு நான் குடுத்தது பதினொன்னுதான். எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் நீங்க தப்பா எழுதிட்டீங்கன்னு சொன்னேன்.”

பஞ்சை மேஜை மேல வெச்சா. திட்டுவான்னு பார்த்தேன். திட்டியிருந்தா எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

“யாருகிட்டச் சொன்னீங்க?”

“எல்லாருகிட்டயும்.”

“அப்ப எல்லாருக்கும் தெரியற இடத்துலதானுங்க திருத்தோணும்.”

அவ்வளவுதான் சொன்னா. ரெஜிஸ்டரைத் துடைச்சு வெச்சுட்டு, பையை எடுத்துக்கிட்டு, பஸ்ஸுக்குப் போயிட்டா.

ஊட்டுக்கு வந்தும் அதே யோசனைதான். சூப்பர்வைசர் பதவி போயிரும். லைன்ல அம்பது பேர் மூஞ்சியில எப்படி முழிக்கறது. எனக்குக் கீழ வேலை செய்யறவங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்களே. அவ எழுதினப்போ எனக்கு ஒண்ணும் தெரியலை. ஒரு பக்கப் பேப்பர்தானேன்னு இருந்துச்சு. நானே பேனாவை எடுத்து உட்கார்ந்தப்பத்தான் தெரிஞ்சுது, அந்த ஒரு பக்கத்தை எழுத அவளுக்கு எத்தனை நெஞ்சுரம் வேணும்னு. இத்தனைக்கும் அவ மறைக்கத் தப்பு ஒண்ணும் பண்ணலை. நான் பண்ணியிருக்கறேன்.

செவ்வாக்கெழமை காலையில, அவ பேப்பருக்கு நேர் கீழே என்ற பேப்பரை ஒட்டினேன். ‘போன வருசம் ஆடி மாசம் ஊசி ஜன்னலில் நான் கொடுத்த முனை பொய்யான முனை. வேறு ஊசியை முறித்துக் கொடுத்தேன். ரெஜிஸ்டரில் எழுதியிருப்பது அத்தனையும் நிஜம். அவர் தப்பாக எழுதிவிட்டதாக நான் சொன்னதுதான் பொய்.’ கீழே என்ற பேரைப் போட்டேன். அவசரத்துல டேப்பு கோணலா ஒட்டிக்கிச்சு.

கூட்டம் கூடறதுக்கு எவ்வளவு நேரமாகும். மேனேஜரும் வந்துட்டாரு. படிச்சாரு. என்னைப் பார்த்தாரு. மறுபடி படிச்சாரு. போய் ஊசி ரூம்ல இருந்து அந்த ரெஜிஸ்டரையும் லென்ஸையும் கொண்டாரச் சொன்னாரு. எல்லாரும் பார்க்கப் பார்க்க, அந்தப் பக்கத்தைத் தொறந்து, குனிஞ்சு, ரெண்டு முனையையும் பார்த்தாரு. ஒரு வருசமா ஒட்டிக் கிடந்ததை முதல் தடவையா ஒரு மனுசன் பார்த்தாரு.

பேக்கிங் டேபிள்ல நின்னுட்டு இருந்தவளைக் கூப்பிட்டு, லென்ஸை அவ கையில குடுத்தாரு.

“ஜன்னலைத் தொறம்மா. மூணு பேர் நிக்கறாங்க” அப்படீன்னாரு. அப்புறம் என்ற பக்கம் திரும்பி, “உனக்கு மெமோ இருக்கு”ன்னாரு.

“குடுங்க சார்”னேன். என்ற சர்வீஸ்ல நான் தலை நிமிர்ந்து வாங்கின மெமோ அது ஒண்ணுதான். இன்னும் வெச்சிருக்கறேன்.

கூட்டம் கலைஞ்சுது. அவ உடனே ஜன்னலுக்குப் போகலை. போர்டுக்கு முன்னால வந்து நின்னு, என்ற பேப்பரை விரல் வெச்சு வரி வரியாப் படிச்சா. ஊசித் துண்டைப் பார்க்கற மாதிரியே பார்த்தா. நன்றி சொல்லுவாளா, பரவாயில்லீங்க அக்கான்னு சொல்லுவாளான்னு ஒரு நப்பாசை.

“அக்கா, இது முழுசா இல்லீங்களே.”

“என்னங்க இல்லை?”

“லைன் நம்பர் போடலை. மெஷின் நம்பரும் இல்லை.”

காதுல சொருகியிருந்த பேனாவை எடுத்து நீட்டினா. லைன் ஏழு, மெஷின் இருபத்திரெண்டுன்னு எழுதினேன். அவ சட்டைப் பாக்கெட்டுல இருந்து டேப்பை எடுத்து, என்ற கோணல் டேப்பைப் பிரிச்சுட்டு, நாலு மூலையும் நேரா வெச்சு ஒட்டினா. விரலால ஒரு தடவை நீவி விட்டா. பொறவு அதே பேனாவால, என்ற பேருக்குக் கீழே, ரெஜிஸ்டர்ல எழுதற அதே எழுத்துல எழுதினா.

முழுசா இருக்குதா? ஆமா.